நான்கு விரலுக்கு ஒரு மோட்டார்: குறைந்த செலவில் ஒரு ரோபோ கை

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கடிதம் டைப் செய்தேன். பாட்டுக் கேட்டேன். சீட்டு விளையாடினேன். ஒரு மாதத்தில் அலுத்துவிட்டது. "இவ்வளவு பணம் போட்டு வாங்கினோமே, இதை வைத்து வேறு என்னதான் செய்வது?" என்ற கேள்வி உங்களுக்கும் வந்திருக்கும். எனக்கு அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது என் தாய்மாமா வீட்டில்.

மாமா கோவையில் ஒரு பவர் பிரஸ் பட்டறையில் வேலை பார்ப்பவர். அலுமினியத் தகட்டை டையில் வைத்து, பிரஸ்ஸை இறக்கி, விளிம்பு வைத்த கிண்ணம் போன்ற உதிரி பாகங்களாக மாற்றும் வேலை. ஒரு நாள் ஷிப்ட் முடியும் நேரத்தில், டையில் சிக்கிய பீஸை எடுக்கக் கையை உள்ளே விட்டிருக்கிறார். பிரஸ் இறங்கிவிட்டது. வலது கையில் கட்டை விரலும் உள்ளங்கையில் பாதியும் மிஞ்சின. மற்ற நான்கு விரல்களும் போய்விட்டன.

புண் ஆறிய பிறகு செயற்கைக் கை பற்றி விசாரித்தோம். விரல்கள் தனித்தனியே அசையும் எலெக்ட்ரானிக் கைகள் இருக்கின்றன. 2007-ல் ஸ்காட்லாந்தின் டச் பயோனிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஐ-லிம்ப் கையில் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு மோட்டார் உண்டு. ஆனால் இந்த வகைக் கைகளின் விலை லட்சங்களில். மாமாவின் சம்பளத்தில் அது நடக்காது. "நாமே ஒன்று செய்து பார்த்தால் என்ன?" என்று அன்று இரவு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். அதில் நான் கற்றதையும், செய்த தவறுகளையும் இங்கே தருகிறேன்.

விரல் எப்படி மடங்குகிறது?

உங்கள் இடது முன்கையை வலது கையால் பிடித்துக்கொண்டு, இடது கை விரல்களை மடக்கிப் பாருங்கள். முன்கைச் சதை அசைவது தெரியும். விரல்களை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நீளும் தசைநாண்கள் கயிறு போல விரல் எலும்புகளை இழுக்கின்றன. பொம்மலாட்டப் பொம்மையைப் போலத்தான்.

இதை ஐந்து நிமிடத்தில் செய்து பார்க்கலாம். குளிர்பானம் குடிக்கும் ஸ்ட்ரா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பக்கத்தில் மூன்று இடங்களில் சின்னதாக 'வி' வடிவ வெட்டுப் போடுங்கள். உள்ளே ஒரு நூலை விட்டு, நுனியில் முடிச்சுப் போட்டு ஒட்டிவிடுங்கள். மறுமுனையில் நூலை இழுங்கள். ஸ்ட்ரா விரல் போல மடங்கும். விட்டால் நிமிரும். நீங்கள் செய்தது ஒரு ரோபோ விரல்! நூலை இழுக்க ஒரு மோட்டாரும், மோட்டாருக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு கம்ப்யூட்டரும் சேர்ந்தால் ரோபோ கையின் அடிப்படை முடிந்தது.

இந்த வழியில் பலர் நமக்கு முன்பே போயிருக்கிறார்கள். பிரான்ஸ் நாட்டுச் சிற்பி கேல் லாஞ்செவின் 2012-ல் 'இன்மூவ்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். 3டி பிரிண்டரில் அச்சிட்டு, தூண்டில் நரம்பால் இழுக்கும் கை அது. அதன் பைல்களை இன்டர்நெட்டில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் நகரத் தச்சர் ரிச்சர்ட் வான் ஆஸ், 2011-ல் வேலையின்போது விரல்களை இழந்தவர். அவரும் அமெரிக்காவின் இவான் ஓவனும் இன்டர்நெட் வழியாகவே சேர்ந்து வேலை செய்து, மோட்டாரே இல்லாத 'ரோபோஹேண்ட்' வடிவமைப்பை 2013-ல் பொதுவில் வைத்தார்கள். நான் முதலில் எடுத்துக்கொண்டது இன்மூவ் வழியை. அதுதான் பார்க்க அழகாக இருந்தது!

கம்ப்யூட்டருக்கு இதில் என்ன வேலை?

மூன்று வேலைகள் இருக்கின்றன. உங்களிடம் இருக்கும் சாதாரண கம்ப்யூட்டரே போதும்.

1. வரைவது. ஓப்பன்எஸ்கேட், ப்ரீகேட் ஆகிய இரண்டும் இலவச சாப்ட்வேர்கள். ஓப்பன்எஸ்கேடில் மவுஸால் வரைய வேண்டியதில்லை. விரல் நீளம் இவ்வளவு, தடிமன் இவ்வளவு என்று எண்களைத் தந்தால் போதும். எண்ணை மாற்றினால் விரல் மாறும். மாமாவின் இடது கை விரல்களை ஸ்கேலால் அளந்து அந்த எண்களையே கொடுத்தேன். வலது கைக்குப் பொருத்தமான அளவு கிடைத்தது.

2. அச்சிடுவது. வரைந்ததை எஸ்.டி.எல். பைலாக சேமித்து, கியூரா போன்ற ஒரு ஸ்லைசர் சாப்ட்வேரில் திறக்க வேண்டும். அது விரலை வெங்காயச் சருகு போல மெல்லிய அடுக்குகளாகப் பிரித்து, 3டி பிரிண்டருக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தரும். என்னிடம் 3டி பிரிண்டர் கிடையாது. பைலை பென் டிரைவில் எடுத்துப் போய், கிராம் கணக்கில் காசு வாங்கிக்கொண்டு அச்சிட்டுத் தரும் ஒரு சென்டரில் கொடுத்தேன்.

3. ஆட்டுவிப்பது. ஆர்டுயினோ யூனோ என்பது சீட்டுக்கட்டு அளவிலான ஒரு சின்ன போர்டு. யூ.எஸ்.பி. கேபிளில் கம்ப்யூட்டருடன் இணைத்து, அதற்கான இலவச சாப்ட்வேரில் புரோகிராம் எழுதி ஏற்ற வேண்டும். பிறகு கம்ப்யூட்டர் இல்லாமலும் போர்டு அந்த வேலையைச் செய்யும்.

விரலை இழுக்க நான் வாங்கியது எம்.ஜி.996ஆர் என்ற செர்வோ மோட்டார். மின்விசிறி மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும். செர்வோ அப்படி இல்லை. "90 டிகிரிக்குப் போ" என்றால் அங்கே போய் நிற்கும். போர்டிலிருந்து வினாடிக்கு 50 முறை ஒரு சின்ன மின் துடிப்பு அதற்குப் போகிறது. துடிப்பு ஏறத்தாழ ஒரு மில்லி வினாடி நீடித்தால் ஒரு கோடி, இரண்டு மில்லி வினாடி நீடித்தால் மறுகோடி. இந்தக் கணக்கையெல்லாம் நீங்கள் போட வேண்டாம். ஆர்டுயினோ சாப்ட்வேரில் பைல் மெனுவில் எக்ஸாம்பிள்ஸ், அதில் செர்வோ, அதில் ஸ்வீப் என்பதை கிளிக் செய்திடுங்கள். மோட்டாரை ஆட்டும் புரோகிராம் தயாராக இருக்கும்.

வைரஸ் அல்ல, கரண்ட்!

ஒரு மோட்டாரை இணைத்தேன். ஆடியது. நான்கையும் இணைத்தேன். கம்ப்யூட்டரில் 'டிங்' என்று சத்தம். யூ.எஸ்.பி. சாதனம் தெரியவில்லை என்று செய்தி. மறுபடி செருகினால் வரும், விரல் மடங்கினால் போய்விடும். வைரஸ் என்று நினைத்து ஒரு நாள் முழுக்க ஸ்கேன் செய்தேன். டிரைவரை அழித்து மீண்டும் பதிந்தேன். பயனில்லை.

காரணம் மிக எளியது. சாதாரண யூ.எஸ்.பி. 2.0 போர்ட் தரும் கரண்ட் 500 மில்லி ஆம்பியர், அதாவது அரை ஆம்பியர். இந்த மோட்டார் எதையாவது பிடித்துக்கொண்டு திணறும்போது ஒன்றே இரண்டரை ஆம்பியர் வரை இழுக்கும். நான்கு மோட்டார் என்றால் 10 ஆம்பியர். பாவம், போர்ட் என்ன செய்யும்? மோட்டாருக்குத் தனி பவர் சப்ளை கொடுங்கள். போர்டிலிருந்து சிக்னல் ஒயர் மட்டும் போகட்டும். ஆனால் இரண்டின் கிரவுண்ட் ஒயர்களையும் சேர்த்துக் கட்ட மறக்காதீர்கள். மறந்தால் மோட்டார் பைத்தியம் பிடித்தது போல உதறும்.

மாமா கேட்ட கேள்வி

இரண்டு மாதத்தில் கை தயாரானது. நான்கு விரல், நான்கு மோட்டார். ஒவ்வொரு விரலும் தனித்தனியாக மடங்கும். மேசை மேல் வைத்து ஆட்டிக் காட்டியபோது வீடே கூடி நின்று பார்த்தது. மாமா கையில் கட்டிவிட்டேன். மோட்டார்கள் மட்டுமே 220 கிராம். பிளாஸ்டிக், பேட்டரி, போர்டு எல்லாம் சேர்த்து முக்கால் கிலோவைத் தாண்டியது.

மாமா ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் எடுத்தார். கட்டை விரலுக்கும் பிளாஸ்டிக் விரல்களுக்கும் நடுவில் வைத்தார். விரல்கள் மூடின. டம்ளர் வழுக்கி விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது. பத்து நிமிடத்தில் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்:

"கண்ணு, ஒவ்வொரு விரலையும் தனித்தனியா ஆட்டி நான் என்ன வீணையா வாசிக்கப் போறேன்? ஒரு டம்ளரைப் புடிச்சா போதாதா?"

எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. இரண்டு மாதமாக நான் செய்தது எனக்குப் பிடித்த கை. அவருக்கு வேண்டிய கை அல்ல. அன்று இரவு ஒரு தாளில் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். டம்ளர் பிடிக்க வேண்டும். பை தூக்க வேண்டும். பூட்டைப் பிடித்துக்கொண்டு இடது கையால் சாவி போட வேண்டும். எட்டு வேலைகள் சொன்னார். அந்த எட்டில் ஒன்றுக்குக்கூட விரல்கள் தனித்தனியாக அசையத் தேவையில்லை!

அமெரிக்காவில் மரம் அறுக்கும் ஆலையில் கையை இழந்த டோரன்ஸ் என்பவர் 1912-ல் இரட்டைக் கொக்கி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பார்க்கக் கை போலவே இருக்காது. ஆனால் நூறு ஆண்டுகள் தாண்டியும் அந்த வகைக் கொக்கியைப் பலர் பயன்படுத்துகிறார்கள். ஏன் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

நுகத்தடி தந்த விடை

சரி, நான்கு நூல்களையும் சேர்த்துக் கட்டி ஒரே இழுப்பில் இழுத்தால்? அங்கே ஒரு சிக்கல். டம்ளர் கீழே குறுகி மேலே அகன்றது. ஒரு விரல் முதலில் தொட்டவுடன் அதன் நூல் நின்றுவிடும். எல்லா நூலும் ஒன்றாகக் கட்டப்பட்டிருப்பதால் மற்ற விரல்களும் பாதியில் நின்றுவிடும். ஒரே விரல் பிடிக்கும், மூன்று விரல் காற்றில் நிற்கும்.

மாட்டு வண்டியைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு மாடுகளில் ஒன்று பின்தங்கினால் நுகத்தடி சாய்ந்துகொடுக்கிறது. வண்டி நிற்பதில்லை. அதையே இங்கே செய்யலாம். ஒரு சின்னக் கட்டையின் இரு முனைகளிலும் இரண்டு விரல்களின் நூல். இன்னொரு கட்டையில் மற்ற இரண்டு விரல்களின் நூல். இந்த இரண்டு கட்டைகளின் நடுப்புள்ளிகளையும் மூன்றாவது கட்டையின் இரு முனைகளில் கட்ட வேண்டும். அந்த மூன்றாவது கட்டையின் நடுவை மட்டும் இழுக்க வேண்டும். முதல் விரல் டம்ளரைத் தொட்டு நின்றால் அதன் கட்டை சாயும். பக்கத்து விரல் தொடர்ந்து மூடும். கடைசியில் நான்கு விரல்களும் பொருளின் வடிவத்துக்கு ஏற்பப் படிந்து, ஒரே அளவு விசையில் அழுத்தும்.

இதற்கு சென்சார் வேண்டாம், புரோகிராம் வேண்டாம். மூன்று கட்டைகளே கம்ப்யூட்டரின் வேலையைச் செய்துவிடுகின்றன! அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் பைல்களை இலவசமாகத் தரும் 'ஓப்பன்ஹேண்ட்' ரோபோ கைகளில், ஒரே மோட்டார் நான்கு விரல்களை இழுக்கும் ஒரு மாடலும் இதே தத்துவத்தில் வேலை செய்கிறது. கட்டைகளுக்குப் பதில் அதில் கப்பிகள்.

டம்ளர் ஏன் விழுந்தது?

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். பயப்படாதீர்கள், பெருக்கல் வகுத்தல்தான்.

எம்.ஜி.996ஆர் மோட்டாரின் திருகு விசை 9.4 கிலோ-செ.மீ. நூல் சுற்றும் சக்கரத்தின் ஆரம் 1.5 செ.மீ. வகுத்தால் நூலில் 6 கிலோ இழுப்பு. மோட்டார் சூடாகாமல் இருக்கப் பாதியைத்தான் நம்ப வேண்டும். 3 கிலோ என்று வைத்துக்கொள்வோம். விரலின் அடி மூட்டில் நூல் செல்லும் தூரம் மூட்டின் அச்சிலிருந்து 0.8 செ.மீ. விரல் நுனி 7 செ.மீ. தள்ளி இருக்கிறது. ஆக நுனியில் கிடைப்பது 3 × 0.8 ÷ 7, அதாவது சுமார் 340 கிராம் அழுத்தம். நூல் உரசுவதில் போவது போக 250 கிராம் மிஞ்சும். நான்கு மோட்டாருக்கு 1 கிலோ.

தண்ணீருடன் டம்ளரின் எடை 350 கிராம். வழுவழுப்பான பிளாஸ்டிக்குக்கும் எவர்சில்வருக்கும் உராய்வு எண் ஏறத்தாழ 0.2. இரண்டு பக்கமும் பிடிப்பதால் 350 ÷ (2 × 0.2), அதாவது 875 கிராம் அழுத்தம் வேண்டும். தாளில் பாஸ். ஈர டம்ளரில் பெயில்!

இப்போது விரல் நுனிகளில் ரப்பரை ஒட்டுங்கள். உராய்வு எண் 0.8 அளவுக்கு உயரும். 350 ÷ (2 × 0.8), சுமார் 220 கிராம் போதும். அதாவது நான்கு மோட்டார் சேர்ந்து திணறிய வேலையை ஒரே மோட்டார் செய்துவிடும். மூன்று மோட்டாரின் விலையை மிச்சப்படுத்தியது ஒரு பழைய ரப்பர் கையுறையிலிருந்து வெட்டிய நான்கு துண்டுகள்.

மாமாவுக்கு மோட்டாரே வேண்டாம்

இன்னும் ஒரு படி போனேன். மாமாவின் மணிக்கட்டு நன்றாக இருக்கிறது. மணிக்கட்டைக் கீழே மடக்கினால் நூல் இழுபடும்படி, நூலின் முனையை முன்கைப் பட்டையில் கட்டினேன். ரோபோஹேண்ட் செய்வதும் இதைத்தான். மணிக்கட்டை நிமிர்த்தினால் ரப்பர் நாடா விரல்களை விரித்துவிடும். மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை, சத்தம் இல்லை. எடை கால் கிலோ சொச்சம். எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோம் என்பது மணிக்கட்டுக்கே தெரிவதால் முட்டையைக்கூட உடைக்காமல் பிடிக்கிறார்.

உள்ளங்கையில் பொருந்தும் பகுதியை மட்டும் நான் செய்யவில்லை. அதை ஒரு செயற்கை உறுப்பு நிபுணரிடம் காட்டி, அவர் சொன்ன அளவில் மெத்தை வைத்தோம். தழும்பு உள்ள தோலில் தவறான இடத்தில் அழுத்தினால் புண்ணாகிவிடும். இந்த இடத்தில் மட்டும் சொந்தச் சோதனை கூடாது.

மோட்டார் போன இடம்

மிஞ்சிய மோட்டார்களை என்ன செய்வது? யோசனை சொன்னதும் மாமாதான். "எனக்கு விரல் செஞ்சது சரி. அங்க இன்னும் பத்துப் பேருக்கு விரல் இருக்குதே, அதுக்கு என்ன பண்ணலாம்?" என்றார்.

அதே நூல், அதே சாயும் கட்டைகள், ஒரே ஒரு மோட்டார். மூன்று விரல் கொண்ட ஓர் இடுக்கியை 60 செ.மீ. அலுமினியக் குழாயின் முனையில் பொருத்தினேன். கைப்பிடியில் ஒரு பட்டன். அழுத்தினால் விரல்கள் மூடும், விட்டால் திறக்கும். டையில் நிற்கும் பீஸைக் கை உள்ளே போகாமல் வெளியே எடுக்கலாம். விரல்கள் வடிவத்துக்குத் தக்கபடி படிவதால் பெரிய கிண்ணம், சின்னக் கிண்ணம் இரண்டுக்கும் ஒரே இடுக்கி போதும். பீஸில் எண்ணெய் இருப்பதால் ரப்பரும் வழுக்கியது. விரல் நுனியைக் கொக்கி போல வளைத்து, கிண்ணத்தின் விளிம்புக்கு அடியில் மாட்டும்படி மாற்றினேன். ஓப்பன்எஸ்கேடில் இரண்டு எண்களை மாற்றியதோடு முடிந்தது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிரஸ்ஸுக்குத் தடுப்பு வேலியும், இரண்டு கையாலும் அழுத்தினால்தான் இறங்கும் சுவிட்சும்தான் உண்மையான பாதுகாப்பு. இந்த இடுக்கி அவற்றுக்கு மாற்று அல்ல. கையை உள்ளே விடும் ஆசையைக் குறைக்கும் கருவி, அவ்வளவுதான். பட்டறை முதலாளி இரண்டு கை சுவிட்சைப் போட்ட பிறகே இடுக்கியைக் கொடுத்தேன்.

ஒரு நாள் இடுக்கியின் ஒரு விரல் டையின் ஓரத்தில் மாட்டி நசுங்கிவிட்டது என்று மாமா கொண்டுவந்தார். வருத்தப்படுவார் என்று பார்த்தால் சிரித்தார். "இது போனா இன்னொண்ணு பிரிண்ட் போட்டுக்கலாம் கண்ணு. என்னோடதுக்கு பைல் இல்லையே."

செய்து பார்ப்பவர்கள் கவனிக்க

* விரலைப் படுக்க வைத்து அச்சிடுங்கள். நிற்க வைத்து அச்சிட்டால் அடுக்குக்கு அடுக்கு பிரிந்து குறுக்கே ஒடியும்.

* பி.எல்.ஏ. பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரி செல்சியஸில் இளகும். சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்த என் விரல்கள் வளைந்துவிட்டன.

* தையல் நூல் வேண்டாம், அறுந்துவிடும். பின்னிய தூண்டில் நரம்பு இழுபட்டு நீளாது.

* மோட்டார் மூடிய நிலையில் திணறிக்கொண்டே இருந்தால் சூடாகும். பொருளைப் பிடித்தபின் இரண்டு மூன்று டிகிரி பின்வாங்கும்படி புரோகிராமில் எழுதுங்கள்.

* தசையின் மின் துடிப்பால் மோட்டாரை ஆட்டும் சென்சார்கள் கிடைக்கின்றன. அவற்றைத் தோலில் ஒட்டும்போது போர்டை பேட்டரியில் மட்டும் இயக்குங்கள். கம்ப்யூட்டருடன் இணைக்க வேண்டுமென்றால் சார்ஜரைக் கழற்றிய லேப்டாப்பையே பயன்படுத்துங்கள்.

* எல்லாவற்றுக்கும் முதலில், கை யாருக்கு வேண்டுமோ அவரிடம் என்னென்ன வேலை செய்ய வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நான் அதைக் கடைசியில் செய்ததால் இரண்டு மாதம் போயிற்று.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ட்ரா விரலில் தொடங்குங்கள். நான்கு ஸ்ட்ரா விரல்களை மூன்று ஐஸ்கிரீம் குச்சிகளில் நுகத்தடி போலக் கட்டி, ஒரே நூலால் இழுத்துப் பாருங்கள். ஒரு எலுமிச்சம்பழத்தைச் சுற்றி அவை படிவதைப் பார்த்தால், அடுத்து ஓப்பன்எஸ்கேட் சாப்ட்வேரை டவுன்லோட் செய்யாமல் இருக்க மாட்டீர்கள். மாமா இப்போது பட்டறையில் புதிதாக வரும் பையன்களுக்கு வேலை பழக்குகிறார். பிரஸ்ஸைத் தொடும் முன் இடுக்கியைக் கையில் கொடுத்துத்தான் பாடத்தைத் தொடங்குகிறார்.